தராசும் பாதரசமும்: திருவனந்தபுரத்தில் ரத்த அழுத்த மருந்தின் வரலாறு

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திய பிறகு உடல் எடை கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒற்றை விடை இருந்ததில்லை. கடந்த எழுபது ஆண்டுகளில் மருந்து மாறும்தோறும் விடையும் மாறியிருக்கிறது: ஒரு தலைமுறையின் மருந்து உடலில் நீரைத் தேக்கியது, அடுத்த தலைமுறையின் மருந்து அந்த நீரை வெளியேற்றியது, அதற்குப் பின் வந்தது நீரைத் தொடாமல் உடல் செலவிடும் ஆற்றலையே சற்றுக் குறைத்தது. மாத்திரையை விட்டவரின் எடையில் தெரியும் மாற்றம், அவர் விட்டது எந்த மருந்து என்பதைக் காட்டும் சான்றாகவே பெரும்பாலும் அமைகிறது. இந்த வரலாற்றைத் தொடக்கம் முதல் இன்றுவரை ஓர் ஊரில் நின்று பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரம் மிகப் பொருத்தமான ஊர். முதல் மருந்தாகிய வேரைப் படத்தோடு பதிவுசெய்த லத்தீன் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட பல்கலைக்கழகம் அங்கிருக்கிறது. பிற்கால மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கையாண்ட மருத்துவமனைகளும், அம்மருந்துகளை மக்கள் எப்படி உட்கொண்டார்கள் என்று வீடுவீடாகச் சென்று கேட்ட ஆய்வாளர்களும் அந்நகரத்தவரே. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர்களுக்கோ அது இன்றளவும் பெரிய ஆஸ்பத்திரிகளின் ஊர்.

அந்த வேர் சர்ப்பகந்தா என்னும் சிறு செடியினுடையது; மலையாளத்தில் அதற்கு அமல்பொரி என்று பெயர். விரற்பருமனில் பாம்பு நெளிந்தாற்போல் வளைந்திருக்கும் அந்த வேரின் மேல்தோல் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் நீளவாக்கில் வரியோடியிருக்கும். உடைத்தால் உள்ளே வெளிறிய கட்டை தெரியும், முகர்ந்தால் மணம் இராது, நுனிநாக்கில் வைத்தாலோ கடுங்கசப்பு. மருந்துச் சத்தின் பெரும்பகுதி அந்த மேல்தோலில்தான் இருக்கிறது என்பதால், தோல் உரிந்த வேரைத் தேர்ந்த வைத்தியர் வாங்கமாட்டார். டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, சேர்த்தலைப் பகுதி கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் வேறு பலரும் சொன்னவற்றைத் திரட்டி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிட்ட 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் இச்செடி 'சுவன்ன அமல்பொடி' என்ற பெயரோடு இடம்பெற்றுள்ளது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக லத்தீனில் முடங்கிக் கிடந்த அந்நூலைத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் தம் வாழ்நாள் உழைப்பால் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் அதை வெளியிட்டது. தென்னிந்திய மருத்துவ வரலாற்றில் ஈடுபாடு கொண்ட எவரும் நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு அது.

பழைய வைத்தியர்கள் இவ்வேரைப் பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் சித்தப் பிரமைக்கும் கொடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வது பொருந்தாது, ஏனெனில் அழுத்தத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் அப்படியொரு நோய் தனித்து அறியப்படவில்லை. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் கைப்பட்டையும் பாதரசக் குழலும் கொண்ட கருவியை அமைத்தார். 1905இல் ரஷ்யரான கொரோட்கோவ், கைப்பட்டையின் கீழே நாடிக்குழாயில் எழும் ஒலியைக் காதுக்குழாயால் கேட்டு மேலளவு, கீழளவு இரண்டையும் குறிக்கும் முறையைக் கண்டார். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்திலிருந்தே ஆங்கில மருத்துவமனை இருந்தது. 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலையும் இருந்தது. ஆயினும் பாதரசக் குழலில் அழுத்தம் உயர்ந்து தெரிந்தால் அதற்குக் கொடுக்க இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் எந்த மருத்துவரிடமும் தக்க மருந்து இருக்கவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று 300க்கு 190 என்ற அழுத்தத்தோடு மூளை ரத்தக்கசிவால் இறந்தார் என்ற ஒரு செய்தியே அக்காலத்து இயலாமைக்குப் போதிய சான்று.

வேரிலிருந்து மருந்துக்கு வந்த வழியைத் திறந்தவர்கள் இந்தியர்கள். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேர் மனநோயிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் பயன் தருவதாக எழுதினார்கள்; அதே காலத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபோது மேலை உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்றாண்டுகளில், 1952இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தார் வேரின் முதன்மைச் சத்தைப் பிரித்து அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைப் பிரதமர் நேரு திறந்துவைத்தது 1951 நவம்பர் 27 அன்று என்பதால், அக்கல்லூரியில் முதன்முதலாகப் பயின்று வெளிவந்த மருத்துவர்களின் கைக்கு இந்த மருந்து ஏறத்தாழ அவர்களுடைய பட்டத்தோடு சேர்ந்தே வந்தது.

எடை பற்றிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ரெசர்பின் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நாரட்ரினலின் என்ற தூண்டுபொருளை வடித்துவிடுகிறது. இதயம் மெல்லத் துடிக்க, குருதிக் குழாய்கள் தளர, அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதை உணரும் சிறுநீரகமோ ரத்தத்தின் அளவே குறைந்துவிட்டதாகக் கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ ஆதலால் இந்தத் தேக்கம் நேராகத் தராசில் தெரியும். அதோடு பசியும் கூடுவதால், ரெசர்பின் உட்கொண்டவர்கள் பலர் பருத்தார்கள். மூக்கடைப்பும், சிலருக்குக் கடும் மனச்சோர்வும் வந்தன. மருந்தை விட்டதும் விளைவு உடனே நீங்கிவிடுவதில்லை. வற்றிய நரம்பு முனைகள் மீண்டும் நிரம்ப நாள்கள், சிலருக்கு வாரங்களே ஆகும். எனவே அழுத்தமும் எடையும் மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்தை நிறுத்திய மறுவாரம் பாதரசக் குழல் நல்ல அளவைக் காட்டியது நோய் தீர்ந்ததற்கான அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படவும் இந்தத் தாமதம் இடம் கொடுத்தது.

மருந்தில்லாமல் உணவாலேயே அழுத்தத்தை இறக்கும் முயற்சி ஒன்று அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைத் திருவனந்தபுரத்துச் சமையலறையை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறும் பழமும் சர்க்கரையும் மட்டுமே கொடுத்து, 1940களில் அதன் பலனை வெளியிட்டார். அழுத்தம் இறங்கியது, எடையும் இறங்கியது, முதலில் இறங்கியது நீர். அரிசியை நாள்தோறும் உண்ணும் நாட்டில் அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், கஞ்சிக்கு இடும் உப்பும் தொட்டுக்கொள்ளும் உப்பிலிட்ட மாங்காயும் கருவாடும் பப்படமும்தான் விடை. திருவிதாங்கூருக்கு உப்பளித்த அளங்கள் தாமரைக்குளம், ராஜாக்கமங்கலம் எனத் தெற்கே நாஞ்சில் நாட்டுக் கடலோரத்தில் இருந்தன. கெம்ப்னர் சோற்றால் சாதித்ததன் பெரும்பங்கு அவர் நீக்கிய உப்புக்குரியது. அரிசிக்கு அவ்வளவு பெருமை சேராது.

உப்பை உணவில் நீக்குவதற்குப் பதிலாகச் சிறுநீரில் நீக்கும் வழி 1950களின் இறுதியில் கிடைத்தது. அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய குளோரோதயசைடும், அடுத்து வந்த ஹைட்ரோகுளோரோதயசைடும் சிறுநீரக நுண்குழல்கள் உப்பை மீட்டெடுப்பதைத் தடுக்கின்றன. உப்பு வெளியேற, அதைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. நீர் பிரியும் மாத்திரை என்று மக்கள் இதைச் சரியாகவே அழைத்தார்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ குறையும். பிறகு உடல் தன்னைச் சரிசெய்துகொள்வதால் எடை அதற்குக் கீழே போவதில்லை. இம்மாத்திரையை நிறுத்தினால் அதே ஒன்றிரண்டு கிலோ சில நாள்களுக்குள் திரும்பிவிடும், சிலருக்கு முகமும் காலும் சற்று ஊதும். கொழுப்பு இவ்வளவு விரைவாகச் சேராது. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,000 கலோரி மிகையாக உண்டிருக்க வேண்டும் என்பதால், மூன்று நாளில் ஏறிய இரண்டு கிலோவை நீர் என்று கொள்வதில் பிழையில்லை. இந்த எளிய கணக்கை நோயாளிகளுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லாததால் இரண்டு கெடுதல்கள் விளைந்தன: எடை குறைந்ததைக் கண்டு இதையே மெலிவதற்கான மருந்தாகக் கருதி உட்கொண்டோர் சிலர், நிறுத்தியதும் ஊதியதைக் கண்டு, உடம்பு மாத்திரைக்கு அடிமையாகிவிட்டது என்று அஞ்சியோர் பலர்.

இந்திய மருந்துக் கடைகளில் நெடுங்காலம் விற்ற அடெல்ஃபேன்-எசிட்ரெக்ஸ் என்ற மாத்திரையை இந்த இரு காலங்களையும் இணைத்த பாலம் எனலாம். ரெசர்பினும், குழாய்களை நேரடியாகத் தளர்த்தும் டைஹைட்ரலசைனும், நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் அதில் ஒன்றாக இருந்தன. முதலிரண்டும் நீரைத் தேக்கும், மூன்றாவது தேங்கியதை வெளியேற்றும். எதிரெதிராக இழுக்கும் இம்மருந்துகளை ஒரே நாளில் நிறுத்தினால், நீர் பிரிக்கும் மருந்தின் ஆற்றல் முதலில் நீங்கும், ரெசர்பினின் ஆற்றல் கடைசியில் நீங்கும். இடைப்பட்ட நாள்களில் எடை எந்தப் பக்கம் போகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இக்கூட்டு மருந்தை இகழ்வது முறையாகாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரைஸ் நடத்தி 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் பயன்பட்டவை ரெசர்பின், ஹைட்ரலசைன், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இதே வகை மருந்துகள்தாம். கீழளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில், வெற்று மாத்திரை பெற்றோரிடம் 27 கடும் நிகழ்வுகள் நேர, மருந்து பெற்றோரிடம் இரண்டே நேர்ந்தன. அழுத்தத்தை இறக்கினால் உயிர் காக்கலாம் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது இச்சோதனையால்தான். அதில் மலபார்க் காட்டு வேருக்கும் பங்குண்டு.

1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பலமாடிக் கட்டடம் ஒன்றை அரசுக்கு அளிக்க, 1976இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் அங்கே செயல்படத் தொடங்கியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அதன் முதல் இயக்குநரான அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் அங்கு உருவான செயற்கை இதய வால்வு நாடறிந்தது. 1979இல் நாகர்கோவிலுக்கு ரயில் பாதை திறந்தபின் குமரி மாவட்ட நோயாளிகளுக்கு அந்த மருத்துவமனை மேலும் எட்டும் தொலைவில் வந்தது. அதே பத்தாண்டுகளில் பீட்டா தடுப்பிகள் என்ற மருந்தினம் பரவியது. இதயத்தை விரைவுபடுத்தும் அட்ரினலின் வந்து பொருந்தும் இடங்களை அடைத்துவிடும் இம்மருந்துகளில் ப்ரோப்ரனலால் 1964இலும் அட்டெனலால் 1976இலும் வந்தன. முன்னதைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். இவை உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலைச் சிறிது குறைக்கின்றன, சோர்வும் தருவதால் நடமாட்டமும் குறைகிறது. பல சோதனைகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஆய்வு, இவற்றை உட்கொண்டோரின் எடை மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.2 கிலோ கூடியதாகக் காட்டியது. இது பெரிதும் முதல் சில மாதங்களில் சேர்வது. நீரைப் போல ஒரு வாரத்தில் வந்து போவதன்று. ஆகவே மருந்தை நிறுத்தினாலும் எடை தானாக இறங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

எடை கூடுகிறதே என்று இம்மருந்தைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு நேர்ந்தது வேறு. அடைபட்டிருந்த காலத்தில் இதயம் அட்ரினலினுக்கு மேலும் கூர்மையாக இசையப் பழகிவிடுவதால், தடை நீங்கியதும் துடிப்பும் அழுத்தமும் பாய்ந்து ஏறும். ப்ரோப்ரனலாலைத் திடீரென நிறுத்திய நெஞ்சுவலி நோயாளிகளுக்கு மாரடைப்பும் மரணமும் நேர்ந்ததை 1975இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். குளோனிடின் என்ற மற்றொரு மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள்ளேயே அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலெழும். மருந்தை நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்ற விதி இந்த உயிரிழப்புகளின் விலையில் கிடைத்தது.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டுமே தந்ததால், அம்லோடிபின் போன்ற புதிய மருந்துகளை இந்திய நிறுவனங்கள் மலிவாகச் செய்து விற்றன. 1990களில் அவை திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் சிறு மருந்துக் கடைவரை வந்துவிட்டன. அம்லோடிபினால் வரும் வீக்கம் தனி வகை. குருதிக் குழாயின் நுழைவாயில் விரிய, வெளிவாயில் அதே அளவு விரியாததால், கணுக்காலில் நீர் கசிந்து நிற்கிறது. மாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், விரல் பதிந்த குழி மெதுவாகவே நிரம்பும். காலையில் படுக்கையை விட்டு எழும்போது குழி விழாது. உடல் முழுவதும் நீர் தேங்கியதன்று இது என்பதால் நீர் பிரியும் மாத்திரையால் பெரிதாகக் குறைவதுமில்லை. மருந்தை மாற்றினால் சில நாள், சில வாரங்களில் வடிந்துவிடும். இன்று பெரிதும் வழங்கும் எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை எடையை ஏறக்குறைய எப்பக்கமும் அசைப்பதில்லை; இவற்றை நிறுத்தியபின் எடை மாறினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். நீரிழிவும் தைராய்டு கோளாறும் மிகுந்த கேரளத்தில் காரணமின்றி இளைத்தவர் மாத்திரையை விட்டதால் இளைத்ததாக நினைத்து இருந்துவிடுவது ஆபத்தானது.

இத்தனை வகையான மருந்துகளும் வீட்டில் ஒரே பெயரால், பிரஷர் மாத்திரை என்றே, வழங்கின. திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் ஊருக்குள் இறங்கிப் பார்த்தபோது அதன் விளைவு தெரிந்தது. வி. ராமன் குட்டியும் சகாக்களும் மாவட்டத்தின் கிராமப்புற இதயநோய் பற்றி 1993இல் எழுதினார்கள், சி. ஆர். சோமன் ஊட்டச்சத்தையும் நோயையும் சேர்த்து நோக்கினார். முன்னாள் முதல்வர் அச்சுத மேனனின் பெயரால் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அமைந்த நலவாழ்வியல் மையத்தின் கே. ஆர். தங்கப்பனும் பிறரும் 2000, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், முதியோரிலும் நடுவயது நகரவாசிகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. தமக்கு அது உண்டென்று அறிந்து மருந்து தொடங்கியவர்களிலும் கட்டுக்குள் வைத்திருந்தோர் குறைவு. எழுத்தறிவில் முதல்வரிசையிலுள்ள மாநிலத்தில் இப்படி நேர்ந்ததற்கு அறியாமையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. உயர்ந்த அழுத்தம் வலிப்பதில்லை, கண்ணுக்குத் தெரிவதுமில்லை. எடையும் வீக்கமும் சோர்வும் தெரிகின்றன. தெரிவதை வைத்து மருந்தை மதிப்பிட்டார்கள், தெரியாததை மறந்தார்கள். அதை எடுத்துச் சொல்லும் நேரம் கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் கிடைக்கவில்லை.

எடைக்கும் நிறுத்தத்துக்கும் உள்ள உறவை எதிர்ப்பக்கத்திலிருந்து ஆராய்ந்த சோதனைகளும் உண்டு. மருந்தை நிறுத்தினால் எடை என்னாகும் என்பதை விடுத்து, எடையைக் குறைத்தால் மருந்தை நிறுத்த முடியுமா என்று அவை கேட்டன. அமெரிக்காவில் 1987இல் முடிவு வெளியான நான்காண்டுச் சோதனை ஒன்றில், எடையும் உப்பும் மதுவும் குறைத்தவர்களில் 39 விழுக்காட்டினர் மருந்தின்றியே இயல்பான அழுத்தத்தோடு இருந்தார்கள்; அவ்வாறு குறைக்காமல் மருந்தை மட்டும் விட்டவர்களில் அப்படி இருந்தோர் 5 விழுக்காட்டினரே. 60 முதல் 80 வயது வரையுள்ள 975 பேரைக் கொண்டு நடந்து 1998இல் வெளியான மற்றொரு சோதனையில், மூன்று நான்கு கிலோ எடைக் குறைப்பும் உப்புக் குறைப்பும் முதியவர்களுக்கும் பலனளித்தன. ஒரு கிலோ குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்கும் என்பது பிற்காலத் தொகுப்பாய்வின் கணக்கு. கேரளப் பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் மிகை எடையுள்ளோர் என்று ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, இந்தக் கணக்கு அம்மாநிலத்துக்கு மிக நெருக்கமானதாகிறது.

2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம் கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நலவாழ்வு மையங்களாக மாற்றியது; அதே காலத்தில் வந்த இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் முதல் ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. எந்த மருந்தில் தொடங்கி எதைச் சேர்ப்பது என்ற வரையறுத்த ஒழுங்கும், வராதவரைத் தேடிச் செல்லும் முறையும் அதன் சிறப்பு. எடுப்பது எந்த மருந்து என்பது அம்மையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அது நோயாளியின் நினைவிலும் இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை விட்டபின் எடை மாறியதாகக் கூறிக்கொண்டு மருத்துவரிடம் செல்பவர், மாத்திரையின் நிறத்தைச் சொல்லாமல் அதன் பெயரையும், கடைசியாக உட்கொண்ட தேதியையும், அன்றைய எடையையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவருக்கு நீர் பிரியும் மாத்திரையை நிறுத்திய மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அடுத்த தவணை நாள்வரை காத்திருக்கலாகாது.